பதினோரு மிதி உயரம்

சலூன்காரர் மனிதர்களை அடிக்கணக்கில் அளப்பதில்லை, மிதிக்கணக்கில் அளப்பார். அவர் கடையின் நடுவில் நிற்கும் கனத்த நாற்காலியின் அடியில் ஓர் இரும்பு மிதிகட்டை உண்டு. அதை ஒருமுறை தட்டி மிதித்தால் நாற்காலி ஒரு விரற்கடை ஏறும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பெருமூச்சு விட்டபடி இறங்கும். ஆள் வாசலில் கால் வைக்கும்போதே அவர் கால் கணக்கை முடித்துவிடும். தபால்காரர் நாலு மிதி. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஏழு. மருந்துக்கடைக்காரர் கொடிக்கம்பம் மாதிரி ஆள், ஒரு மிதியும் வேண்டாம். தலையில் வெட்டவும் ஒன்றுமில்லை, தாடிக்காக மட்டும் வருகிறவர்.

அவருடைய மனைவி பதினோரு மிதி. அந்த நாற்காலி கண்ட உச்சம் அதுதான். இதை அவர் வீட்டில் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. கடையில் எப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சலூனில் பேசியது முடியோடு முடியாகக் கூட்டித் தள்ளப்பட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை.

பதினோரு மிதிக்காரிதான் வீட்டில் கார் ஓட்டுகிறவள். அவருக்கு ஓட்ட வராது. கற்றுக்கொள்ளாமல் இல்லை. முதல் நாளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பின்னால் வந்த வண்டிக்காரரின் கிருதா ஒருபக்கம் ஏறியும் ஒருபக்கம் இறங்கியும் இருப்பதைப் பார்த்துவிட்டார். எந்தப் படுபாவி வெட்டியது என்று யோசித்துக்கொண்டே நடைபாதை மேல் ஏற்றி, ஒரு பூந்தொட்டியையும் சாய்த்துவிட்டார். அதோடு அவருக்கு ஓட்டுநர் இருக்கை மறுக்கப்பட்டது. மறுத்தவள் மனைவி.

கார் பழசு. தவளைப் பச்சை நிறம், தவளை மாதிரியே முன்விளக்குகள். பெயரும் தவளைதான். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று இருவரும் தவளையில் கிளம்பி, படுக்கையில் கிடப்பவர்கள், மாடி இறங்க முடியாதவர்கள் என்று வீடு வீடாகப் போவார்கள். அவள் ஓட்டுவாள், அவர் வெட்டுவார். போகிற வழியெல்லாம் அவள் சுருதியே இல்லாமல் பாடுவாள். நடுநடுவே குறுக்கே வருகிறவர்களைப் பரம்பரையோடு இழுத்துத் திட்டுவாள். திட்டி முடித்து, விட்ட வரியிலிருந்து பாட்டைத் தொடருவாள். வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் சலூன்காரர் அந்த ஒரு நாளுக்காகத்தான் சகித்துக்கொண்டிருந்தார். இதையும் அவளிடம் சொன்னதில்லை.

பிறகு அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. முட்டி தேறிவிட்டது. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் ஓட்டவும் செய்தாள். அப்புறம் ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டியவள் எடுக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால், "போதும், ஓட்டினது" என்பாள். பாட்டும் நின்றது. திட்டுகூடக் குறைந்துவிட்டது, அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டாள்.

"தவளையைக் குடுத்துடலாம்னு இருக்கேன். மருந்துக்கடைத் தம்பி கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்னுச்சு."

"யாரு, அந்தக் கொடிக்கம்பமா? அவரு கால மடக்கி உள்ள வைக்கறதுக்குள்ள பெட்ரோல் தீந்துடுமே."

"அது அவரு கால், அவரு பாடு."

"செவ்வாய்க்கிழமைக்கு என்ன பண்றது?"

"வாடகை வண்டி வச்சுக்கங்க. நான் வீட்டுல இருக்கேன்."

அவள் அதைச் சொன்னபோது ஜன்னல் வழியாகத் தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கப்போகும் பொருளை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

சலூன்காரர் இரண்டு நாள் யோசித்தார். ஒருவர் மீசையை வழக்கத்தைவிடச் சின்னதாக்கும் அளவுக்கு யோசித்தார். கடைசியில் விடை கிடைத்துவிட்டது: சீட்டு! தவளையின் இருக்கையை முன்னுக்கு நகர்த்த வேண்டுமானால் குனிந்து, அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, காலை உந்தி இழுக்க வேண்டும். உயரத்துக்கோ ஒரு வசதியும் கிடையாது. அவள் இரண்டு தலையணை போட்டு உட்காருவாள். முட்டி வலியோடு யார் இந்தக் குஸ்தி போடுவார்கள்? பட்டனை அமுக்கினால் நகரும், ஏறும், இறங்கும் சீட்டு இருந்தால் அவள் ஓட்டுவாள். தன் நாற்காலி ஊரையே ஏற்றி இறக்குகிறது, கட்டினவளுக்கு ஒன்று செய்து தரக் கூடாதா?

நேராகப் போய் நின்ற இடம் சகலை வீடு. சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். காருக்கு ஒயரிங் வேலை செய்கிறவர், வீட்டோடு ஒட்டிய பட்டறை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவருக்கும் இருக்கவேண்டிய எல்லாப் போட்டியும் அவர்களுக்குள் உண்டு. எந்தக் கஷ்டத்துக்கும் முதலில் ஓடுவதும் ஒருவரிடம் ஒருவர்தான்.

"சகல, பழைய கார்ல பவர் சீட்டு போட முடியுமா?"

"முடியும். மாட்டு வண்டியில ஏசி கூடப் போடலாம். யாருக்கு?"

"உங்க அண்ணிக்கு."

சகலை கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?"

"அப்ப நான் செத்தேன். சரி, வாங்க, ரெண்டு பேரும் சேந்தே சாவோம்."

விற்பதற்குமுன் வண்டியைக் கழுவித் துடைத்துத் தருவதாகச் சொல்லி, சகலை தவளையைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். "விக்கற வண்டிக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்?" என்று அவள் கேட்டாள். "கடைசியா ஒரு தடவை குளிப்பாட்டி அனுப்பறோம் அண்ணி" என்றார் சகலை. சலூன்காரர் முறைத்த முறைப்பில் மீதிப் பேச்சை விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் இருவரும் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, பழைய கார்களை உடைத்து விற்கும் காயலான் கடைக்குப் போனார்கள். நொறுங்கிய கார்களுக்கு நடுவே, கழற்றிய சீட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் தலைகீழாக. உச்சியில் பெரிய பணக்காரக் கார் ஒன்றின் சீட்டு ஜோடி, பால் கலந்த காபி நிறத் தோலில், கால்களை மேலே நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. சகலை அடியில் தொங்கிய ஒயரைப் பிடித்து பேட்டரியில் தொட்டார். மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி சீட்டின் தண்டவாளம் ங்ங்ங்… என்று காற்றில் முன்னும் பின்னும் நீந்தியது. அடுத்ததும் நீந்தியது.

"ரெண்டும் உசுரோடதான் இருக்கு" என்றார் சகலை. "இதுல எது ஓட்டறவங்க சீட்டு, எது பக்கத்துச் சீட்டு? சுவிட்சு கதவுப் பக்கம் வரணும். தலைகீழாக் கெடக்கறதால எனக்கு தல சுத்துது."

"நவுருங்க சகல. முப்பது வருஷமா கண்ணாடியப் பாத்தே வெட்டறவன் நான். எது எந்தப் பக்கம்னு எனக்கா தெரியாது? இதோ, இதுதான்."

"நிச்சயமா?"

"எத்தன காதுக்குப் பக்கத்துல கத்தி வச்சிருக்கேன். ஒரு காதாவது பக்கம் மாறிப் போயிருக்கா?"

அதற்குமேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது? சகலை அதையே தோளில் ஏற்றிக்கொண்டார்.

பழைய சீட்டைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துரு பிடித்த நாலு போல்ட்டுகளில் மூன்று எண்ணெய்க்கு மசிந்தன. நாலாவது சலூன்காரர் தொங்கிய தொங்கில் ஸ்பேனரோடு அவரையும் சேர்த்துக் கீழே உட்காரவைத்தது. சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு சீப்பு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, கல்லாகிப்போன மிட்டாய் எல்லாம் கிடைத்தன. புதுச் சீட்டின் கால்கள் தவளையின் தரையிலிருந்த ஓட்டைகளுக்கு நேரே உட்காரவில்லை. சகலை கனமான இரும்புப் பட்டைகளை அறுத்து, துளை போட்டு, நடுவில் வைத்து முடுக்கினார். சீட்டு பெல்ட் மாட்டும் கொக்கியை மட்டும் புதுச் சீட்டிலிருந்து கழற்றிவிட்டு, தவளையின் தரையிலிருந்த பழையதையே வைத்துக்கொண்டார்.

"போல்ட்டு எதுக்கு இவ்வளவு தடிமன்?"

"பிரேக் அடிச்சா சீட்டு நிக்கணும் சகல. இல்லன்னா அண்ணி முன்னாடியும் சீட்டு பின்னாடியும்னு இல்ல, ரெண்டும் சேந்து முன்னாடி போயிடும்."

மின்சாரத்துக்குச் சிகரெட் லைட்டர் ஒயரில் சொருகினால் போதாதா என்று சலூன்காரர் ஆலோசனை சொன்னார். "சொருகலாம். புகை வரும், சிகரெட் மட்டும் இருக்காது" என்ற சகலை, பேட்டரியிலிருந்தே தடித்த ஒயரை இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, தரைவிரிப்புக்கு அடியில் பதித்தார். சனிக்கிழமை பகல் முழுதும் ஓடி, வேலை முடிந்தது. பச்சைத் தவளையின் வயிற்றுக்குள் காபி நிறச் சிம்மாசனம் பளபளத்தது.

சலூன்காரர் மாப்பிள்ளை கணக்காக ஏறி உட்கார்ந்தார். கதவோரமாகக் கையை விட்டார். துழாவினார். புதுச் சட்டையில் பாக்கெட் தேடுகிறவர்போல மேலும் கீழும் தடவினார்.

"சகல, சுவிட்சு எங்க?"

"கதவுப் பக்கம்."

"கதவுப் பக்கம் கதவுதான் இருக்கு."

சகலை மறுபக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டு இருக்கைக்கும் நடுவில், பக்கத்தில் உட்காருகிறவர் கை வைக்க வாகாக, பட்டன்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"பக்கம் மாறாத கத்தி சகல உங்க கத்தி" என்றார் நிதானமாக. "இது பக்கத்துச் சீட்டு."

கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வாழ்ந்தவருக்கு, கண்ணாடி இல்லாத இடத்திலும் மனசுக்குள் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது இப்போதுதான் புரிந்தது. காயலான் கடைக்கு ஓடினார்கள். ஜோடிச் சீட்டு காலையிலேயே யார் வீட்டு வரவேற்பறைக்கோ போய்விட்டதாம். பழைய சீட்டைத் திரும்பப் போடலாமென்றால் கழற்றும்போதே அதன் ஒரு கால் இற்றுக் கையோடு வந்துவிட்டிருந்தது. விடிந்தால் ஞாயிறு.

"நாளைக்கு அண்ணிகிட்ட என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்வோம்" என்றார் சலூன்காரர். "சகலைதான் மாத்தி மாட்டினாருன்னு."

ஞாயிறு மாலை தவளை வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது மருந்துக்கடைக்காரர் ஏற்கனவே காத்திருந்தார். மனைவி கைத்தடியோடு வெளியே வந்தாள். கதவைத் திறந்தாள். காபி நிறத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள், தங்கை கணவரைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் டயரைக் குனிந்து ஆராய ஆரம்பித்தார்கள்.

"இது என்ன?"

"பவர் சீட்டு அண்ணி. அண்ணனோட யோசனை."

"ஒயரிங் அவரு" என்றார் சலூன்காரர்.

"விக்கற வண்டிக்கா?"

"நீ… நீ ஓட்டுவேன்னு…" கடையில் நாள் முழுதும் வாய் மூடாத மனிதர், சொந்த வாசலில் திக்கினார். "அந்தக் கம்பிய இழுக்க முடியாமத்தான விட்டுட்டே? இப்ப பட்டன் அமுத்தினா போதும்."

அவள் முகம் ஒரு மாதிரியானது. கோபமில்லை, கோபமாக இருந்தால் அவருக்குப் பழக்கம். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர், விவரம் புரியாமல், "ஆகா, எனக்காகவா மாத்தினீங்க? பாக்கலாமா?" என்று ஆசையாக ஏறி உட்கார்ந்துவிட்டார். முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே வந்தன. மொட்டைத்தலை கூரைக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"கொஞ்சம் எறக்குங்களேன்" என்றார்.

சலூன்காரர் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே நுழைந்து பட்டனில் விரலை வைத்தார். இறக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முப்பது வருஷமாக அவர் கால் அறிந்தது அது ஒன்றுதான். விரலுக்கும் அதுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அழுத்திப் பிடித்தார். ங்ங்ங்… சீட்டு ஏறியது.

"எறக்குங்க!"

இன்னும் அழுத்தினார். மருந்துக்கடைக்காரரின் தலை கூரையில் மெத்தென்று ஒட்டியது. கழுத்து ஒருபக்கம் சாய்ந்தது.

"அண்ணே, எறக்கச் சொன்னேன்!"

"அதான் எறக்கறேன், ஆடாதீங்க!" என்று சலூன்காரர் முழு பலத்தோடு அமுக்கினார்.

அப்போது வாசலில் ஒரு சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். அவள் கைத்தடியை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு தெருவே கேட்க. பல மாதமாகப் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரைத் தூக்கினதுபோல இருந்தது. சலூன்காரர் பட்டனை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரையோடு ஒட்டியிருந்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சகலைதான் பட்டனைக் கீழ்ப்பக்கம் தள்ளி அவரை விடுவித்தார்.

"எறங்குங்க தம்பி" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒக்காந்து பாக்கறேன்."

உட்கார்ந்தாள். தலையணை இல்லாமலேயே சாலை முழுதும் தெரிந்தது. கதவோரமாகக் கையை விட்டுத் தேடினாள்.

"பட்டன் எங்க?"

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "அது… நடுவுல வந்துடுச்சு. சகலை…"

"சகல!" என்றார் சகலை, எச்சரிக்கையாக.

"…சகலை மேல தப்பில்ல. நான்தான் பக்கம் மாத்தி எடுத்துட்டேன்."

அவள் ஸ்டியரிங்கைத் தடவினாள். பிறகு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஒக்கார்றது எனக்குக் கஷ்டமே இல்லங்க. எந்திரிக்கறதுதான். பழக்கடை வாசல்ல அன்னிக்கு… எறங்கவே முடியல. சீட்டு பள்ளத்துல கெடந்துச்சு. ரெண்டு கையாலயும் கதவப் புடிச்சுத் தொங்கினேன். போற வர்றவங்க ரெண்டு பேரு வந்து, மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கி நிறுத்தினாங்க. ஒருத்தரு, பாத்துப் பாட்டின்னாரு. பாட்டியாம்! அதான் சாவிய மாட்டிட்டேன். கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த ஆளின் முடியைத் தன்னிடம் ஒருநாள் கொடுத்தால் போதும் என்று சலூன்காரருக்குத் தோன்றியது. தான் இத்தனை பாடுபட்டுத் தீர்த்தது இல்லாத வியாதியை என்பதும் மெல்ல உறைத்தது.

"இப்ப எறங்கிப் பாக்கறியா?" என்றார்.

அவள் காலிரண்டையும் வெளியே போட்டாள். ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்தாள், மறு கையால் கைத்தடியை ஊன்றினாள். எழ முயன்றாள், முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் உதவ ஓரடி எடுத்து வைத்தார். சகலை அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கற ரெண்டு கையும் புடிச்சுக்கவே சரியாப் போவுது" என்று அவள் மூச்சு வாங்கினாள். "பட்டன் கதவுப் பக்கமே இருந்தாலும் எந்தக் கையால அமுத்தறது?"

அப்போதுதான் சலூன்காரர் குனிந்து பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், தவறான பக்கத்தில், சரியாக அவருக்காகவே வைத்தது போல, பட்டன்கள் இருந்தன.

"நீ புடிச்சுக்க" என்றார். "அமுத்தறது என் வேலை."

இந்தமுறை அழுத்திப் பிடித்ததில் தவறில்லை. ங்ங்ங்… சிம்மாசனம் அவளை மெதுவாக, அவசரப்படாமல் தூக்கியது. பின்பக்கப் பட்டனையும் சேர்த்து அமுக்கினார்; சீட்டு கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து, ஸ்டியரிங் இடிக்காமல் அவளுக்கு இடமும் தந்தது. வாடிக்கையாளர்களிடம் கேட்டுப் பழகிய வாய் தானாகக் கேட்டது:

"போதுமா, இன்னும் கொஞ்சமா?"

"இன்னும் கொஞ்சம்… ம்… போதும்."

அவள் எழுந்து நின்றாள். யாரும் தொடவில்லை. தடியைக்கூட லேசாகத்தான் ஊன்றியிருந்தாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

"இன்னொரு தடவ" என்றாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ராட்டினத்தை விட்டு இறங்க மறுக்கும் குழந்தைபோல நாலு முறை ஏறி இறங்கினாள். ஐந்தாவது முறை, "பேட்டரி தீந்துடும் அண்ணி" என்று சகலை கெஞ்ச வேண்டியிருந்தது.

"தம்பி" என்று மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். "வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க. வண்டி இல்ல."

"அது எனக்குக் கூரையில தலை முட்டினப்பவே தெரிஞ்சிடுச்சுக்கா" என்றார் அவர் கழுத்தை நீவியபடி. "தைலம் ஏதாவது இருக்கா?"

"மருந்துக்கடை உங்களுதுதானே?" என்றார் சகலை.

செவ்வாய்க்கிழமை காலை தவளை கிளம்பியது. முதல் வீட்டில் இறங்கும்போது சலூன்காரர் சற்று வேகமாக ஏற்றிவிட்டார். "நான் என்ன ராக்கெட்டா?" என்று திட்டு கிடைத்தது. இரண்டாவது வீட்டில் சரியாக ஏற்றினார். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக இதை வேடிக்கை பார்த்துவிட்டு, தன் கட்டிலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தார். சகலைக்குப் புது வேலை கிடைத்தது. வழியில் அவள் பாட ஆரம்பித்திருந்தாள். சுருதி முன்பைவிட மோசமாகியிருந்தது. சலூன்காரர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றவில்லை. ஊர் கேட்டால் கேட்கட்டும்.

சிக்னலில் ஒரு வண்டி குறுக்கே வந்து நுழைந்தது. பாட்டு நின்றது. அந்த ஓட்டுநரின் முன்னோர்கள் ஒருவர் விடாமல் விசாரிக்கப்பட்டார்கள். சலூன்காரர் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் திட்டினா பாரு" என்றார், பட்டன் மேல் விரலை வைத்து. "அப்படியே சாய்ச்சுப் படுக்க வச்சுடுவேன். அதிகாரம் எங்கிட்ட இருக்கு."

"சாய்ச்சுப் பாருங்க. ராத்திரிக்கு வீட்டுக்கு எப்படி வர்றீங்கன்னு நான் பாக்கறேன். நடந்தா, பஸ்ஸா?"

விரலை எடுத்துவிட்டார்.

பச்சை விளக்கு விழுவதற்குள் அவள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள். சாலையின் கோடியில், லாரிகளுக்கு அப்பால், ஏதோ மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது.

"ஏங்க, பதினோரு மிதி போதல. பன்னெண்டு வைங்க."

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிதிக்கணக்கு… உனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். மருந்துக்கடைத் தம்பி டீ குடிக்கறப்ப சொல்லுச்சு. அதுக்கு வீட்டுல வச்சுக்கறேன் உங்கள." விளக்கு பச்சையானது. "இப்ப ஏத்துங்க, மரம் போயிடப் போவுது."

அவர் ஏற்றினார்.